கேட்பதற்கு முன்பே எழுதிய பதில்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கையும் திரிங்காப்பையும் தாண்டி, கம்போங் ராஜாவை நோக்கிப் போகும் சாலையில் வருகிறது கோலா தெர்லா. பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள், அவற்றுக்கு அப்பால் தேயிலைச் சரிவுகள். தேயிலைக்காகக் கப்பலேறி வந்தவர்களின் பேரன் பேத்திகள் இந்த மலையெங்கும் இருக்கிறார்கள். 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் ‘பாடு’ என்ற முதன்மைத் தரவுத்தளத்தைத் தொடங்கி வைத்தபோது, நாட்டின் மற்ற குடிமக்களைப் போல இவர்களுக்கும் ஒரு வேலை வந்து சேர்ந்தது. மார்ச் 31-க்குள் இணையத்தில் நுழைந்து, தங்களைப் பற்றி அரசாங்கம் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். சரியென்றால் உறுதி செய்ய வேண்டும், தவறென்றால் திருத்த வேண்டும்.

வழக்கமான பாரத்தில் கட்டங்கள் காலியாக இருக்கும். எழுதுகிறவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடியாவது யோசிப்பார். இதில் பல கட்டங்கள் நிரம்பியே வந்தன. அப்போது நாட்டில் நடந்த வாதமெல்லாம் தரவுப் பாதுகாப்பைப் பற்றியது. இன்னொருவரின் ஐசி எண்ணை வைத்துக்கொண்டு அவர் பெயரில் நுழைந்துவிடலாம் என்ற புகார்கூட தொடக்க நாட்களிலேயே எழுந்தது. தேவையான வாதம்தான். ஆனால் இதே பாரத்துக்குள் மிகப் பழைய சமயக் கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒருவருடைய பதிலை வேறொருவர் எழுதி வைத்துவிட்டு, “சரிதானே?” என்று கேட்டால், அவர் சொல்லும் “சரி” யாருடைய பதில்?

தோட்டத்துத் தமிழருக்கு இது புதிய அனுபவமில்லை. இணையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே அவர்களுக்கான பாரங்களைக் கிராணி என்ற தோட்டத்து எழுத்தர் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததுதான் பெயர், அவர் எழுதியதுதான் எழுத்துக்கூட்டல். ஒரே முனியம்மா செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் ஒரு விதமாகவும் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு விதமாகவும் இருப்பாள். ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவள் என்றால் ஆண்டைத் தோராயமாகப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். திருத்த வேண்டுமானால் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டுப் பட்டணம் போக வேண்டும், சத்தியப் பத்திரம் எழுத வேண்டும், சாட்சிக்கு ஆள் பிடிக்க வேண்டும். அதனால் பலர் தங்கள் பெயரைத் திருத்தவில்லை. எழுதப்பட்ட பெயருக்குத் தங்களைத் திருத்திக்கொண்டார்கள்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. எரிக் ஜான்சன், டேனியல் கோல்ட்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள் 2003-இல் ‘சயின்ஸ்’ இதழில் உடலுறுப்புக் கொடை பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெயர்பெற்றது. ஜெர்மனியில் தானாக முன்வந்து ‘தருகிறேன்’ என்று பதிந்தவர்கள் 12 விழுக்காடு. பக்கத்து நாடான ஆஸ்திரியாவில் ‘தரமாட்டேன்’ என்று எழுதிக் கொடுக்காத எல்லாருமே கொடையாளிகள். அங்கே 99 விழுக்காட்டுக்கும் மேல். பேசும் மொழி ஒன்று, பண்பாடும் ஏறக்குறைய ஒன்று. பாரம்தான் வேறு. ஆஸ்திரியரின் ஈகையைப் புகழ்வதா, அந்தப் பாரத்தை வடிவமைத்தவரைப் புகழ்வதா?

சட்டம் இந்தச் சிக்கலைக் கவனித்திருக்கிறது. பிளானட்49 என்ற ஜெர்மன் பரிசுப் போட்டி இணையதளம், குக்கீக்கு அனுமதி கேட்கும் கட்டத்தில் தானே டிக் போட்டு வைத்திருந்தது. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போனது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபர் 1 அன்று தீர்ப்பு வந்தது. பயனர் டிக்கை எடுக்காமல் விட்டார் என்பதாலேயே அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அவர் அதைப் பார்த்தாரா என்பதே தெரியாது.

குக்கீக்குக் கிடைத்த இந்த மரியாதை கடவுளுக்குக் கிடைக்கவில்லை. உலகில் பெரும்பாலோருடைய சமயம், அவர்கள் பேசத் தொடங்கும் முன்பே யாரோ போட்டு வைத்த டிக். எந்தத் திருச்சபையிலும் யாரும் பிறப்பால் உறுப்பினர் ஆவதில்லை என்று ஜான் லாக் 1689-இல் வெளியான சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தில் வாதிட்டார். அவருக்கு முன்பே இதற்காகச் செத்தவர்கள் உண்டு. 1525 ஜனவரியில் சூரிச் நகரில் ஒரு சிறு கூட்டம், கைக்குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானம் தங்களுடையது ஆகாது என்று சொல்லி, வளர்ந்தவர்களாக மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டது. நகர மன்றம் அதைக் குற்றமாக்கியது. அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். தண்ணீரை இரண்டாம் முறை கேட்டவனுக்குத் தண்ணீராலேயே தண்டனை என்ற குரூரமான கிண்டல் அதில் இருந்தது. இத்தனைக்கும் மான்ஸ் வேறு சமயத்துக்குப் போகவில்லை. ஏற்கெனவே நிரம்பியிருந்த அதே பதிலைத் தன் கையால் எழுத விரும்பினார், அவ்வளவுதான்.

தமிழில் இதை அறிய ஒருவர் போதும்: அப்பர். திருவாமூரில் சைவக் குடும்பத்தில் மருள்நீக்கியாராகப் பிறந்தவர். அன்றைக்கு ஒரு பாரம் இருந்திருந்தால் ‘சமயம்: சைவம்’ என்று தந்தை புகழனாரே எழுதியிருப்பார். மகன் வளர்ந்து, அந்தப் பதிலை அழித்துவிட்டுச் சமணத்தில் சேர்ந்தார். சும்மா சேரவில்லை, தருமசேனர் என்ற பட்டத்தோடு அங்கே தலைமை நிலைக்கு உயர்ந்தார். பிறகு சூலை நோய், தமக்கை திலகவதியார் கொடுத்த திருநீறு, திருவதிகை வீரட்டானம். மறுபடியும் சைவம். சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் விரிவாகச் சொன்ன இந்தக் கதையைச் சமணர்கள் வேறு விதமாகச் சொல்லக்கூடும்; அது தனி வழக்கு. இங்கே கவனிக்க வேண்டியது, அப்பரின் முதல் சைவமும் கடைசிச் சைவமும் பாரத்தில் ஒரே சொல்தான் என்பது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் ஆண்டுகளை எழுதப் பாரத்தில் இடமில்லை. ஆனால் தேவாரம் பிறந்தது முதல் சைவத்திலிருந்து அல்ல.

எல்லாம் தலையெழுத்து என்பவருக்கு வாழ்க்கையே நிரப்பி அனுப்பிய பாரம்தான். சைவ சித்தாந்தம் அந்த அளவுக்குப் போவதில்லை. பிராரத்தம் என்பது நிரம்பி வந்த பகுதி. அதை அனுபவித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகாமியம் இப்போது செய்து சேர்ப்பது. சைவக் குடியில் பிறப்பதையும் அது போதுமானதாகக் கொள்வதில்லை. சமய தீட்சை என்று ஒன்றை வைத்து, ஆளை நேரில் வரவழைக்கிறது.

கோவில் அர்ச்சனைத் தட்டில்கூட இதன் ஒரு சிறு வடிவம் உண்டு. குருக்கள் பெயர் கேட்பார், நட்சத்திரம் கேட்பார், கோத்திரம் கேட்பார். பாட்டன் காலத்திலேயே கடல் கடந்துவிட்ட குடும்பத்துக்குக் கோத்திரம் எங்கே தெரியும்? “தெரியாது சாமி” என்றால் சிவகோத்திரம் என்று சொல்லிவிட்டு அவர் மேலே போய்விடுவார். எதுவுமே வேண்டாம் என்றால் சுவாமி பேருக்கே அர்ச்சனை. இதுவும் தயாராக இருக்கும் பதில்தான். ஆனால் அவர் முதலில் கேட்கிறார், பிறகுதான் நிரப்புகிறார். அடுத்த வாரம் வேறு கோத்திரம் சொன்னாலும் அவர் பழைய பதிவைத் தேடப்போவதில்லை.

அரசாங்கப் பதிவேடு அப்படி மறக்காது. மலேசியாவில் முஸ்லிம்களின் அடையாள அட்டையான மைகார்டில் சமயம் அச்சாகியிருக்கும். அந்த ஒரு சொல் திருமணம், சொத்து, பிள்ளைகள், சாவு வரை எந்த நீதிமன்றம் பேசும் என்பதைத் தீர்மானிக்கிறது. மலேசியாவின் 1997 எவரெஸ்ட் குழுவில் இருந்த மூர்த்தி 2005 டிசம்பரில் இறந்தபோது, அவர் இந்துவாகவே வாழ்ந்தார் என்று மனைவி சொன்னார்; அவர் மதம் மாறியவர் என்று ஷரியா நீதிமன்றம் சொன்னது. சிவில் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லை என்று விலகிக்கொண்டது. உடல் முஸ்லிம் முறைப்படி அடக்கமானது. பதில் சொல்ல வேண்டியவர் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

ஈப்போவின் இந்திரா காந்தி வழக்கில் பதில் சொல்லும் வயதே வரவில்லை. அவருடைய கணவர் 2009-இல் இஸ்லாத்தைத் தழுவி, மூன்று பிள்ளைகளுக்கும் மதமாற்றச் சான்றிதழ் வாங்கினார். பிள்ளைகள் அதற்காக நேரில் போகவும் இல்லை, உறுதிமொழி சொல்லவும் இல்லை. கடைசிப் பெண்ணுக்கு அப்போது 11 மாதம். பெற்றோர் இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்துச் சான்றிதழ்களை ரத்து செய்தது. இந்தியச் சமூகம் கொண்டாடியதில் நியாயம் உண்டு. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு ஒரு கையெழுத்தை இரண்டாக்கியது. பிள்ளையின் கையெழுத்தை அதுவும் கேட்கவில்லை. இந்துப் பெற்றோர் இருவர் சேர்ந்து ‘இந்து’ என்று நிரப்புவதைப் பற்றி அங்கே யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

மூன்றாவது வழக்கு நுட்பமானது. முஸ்லிம் தந்தைக்கும் பௌத்தத் தாய்க்கும் திருமணத்துக்கு வெளியே பிறந்த ரோஸ்லிசா இப்ராஹிமின் அடையாள அட்டையில் இஸ்லாம் என்று இருந்தது. அவர் தொடக்கத்திலிருந்தே முஸ்லிம் அல்லர் என்று 2021 பிப்ரவரி 5 அன்று கூட்டரசு நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதோடு ஒரு கோடும் போட்டார்கள்: ஒருபோதும் முஸ்லிமாக இருந்ததில்லை என்பவர் சிவில் நீதிமன்றம் வரலாம், முஸ்லிமாக இருந்து விலக விரும்புகிறவர் ஷரியா நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அதாவது பாரத்தை நிரப்பியதில் பிழை என்றால் ஒரு வாசல், மனம் மாறியது என்றால் வேறு வாசல். கணினித் திரையில் இருக்கும் ‘திருத்து’ பொத்தானுக்கு இந்த வேறுபாடு தெரியாது. சமய வாழ்க்கையில் எல்லாமே இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. அப்பர் எழுத்துப்பிழையைத் திருத்தவில்லை.

கட்டத்தைக் காலியாகவே விடலாமே என்று தோன்றும். தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் சாதி, சமயத்தைக் குறிப்பிடாமல் விட 1973-ஆம் ஆண்டு அரசாணையே இடம் தருகிறது. திருப்பத்தூர் வழக்கறிஞர் சிநேகாவின் பெற்றோர் அவர் பிறந்ததிலிருந்தே அந்தக் கட்டங்களை நிரப்பவில்லை. அப்படியும், சாதியும் சமயமும் இல்லாதவர் என்ற சான்றிதழைக் கையில் வாங்க அவருக்குப் பல ஆண்டுகள் ஆயின. 2019 பிப்ரவரியில்தான் கிடைத்தது. ஒன்றும் இல்லை என்பதற்கும் முத்திரை வேண்டியிருக்கிறது. காகிதத்தில் கோடு போட்டுவிட்டுப் போகலாம். இணையப் பாரத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கமே திறக்காது.

நிரப்பி வைப்பதில் கருணையும் உண்டு என்பதை மறுக்க முடியாது. மலாய் படிக்கத் தெரியாத தோட்டத்துப் பாட்டிக்கு உதவித்தொகை தானாக வந்து சேர்வது, விண்ணப்பித்தால்தான் உண்டு என்பதைவிட நல்லது. பிள்ளைக்குத் தாய் திருநீறு பூசிவிடுவதை யாரும் வன்முறை என்று சொல்லமாட்டார்கள். ஒன்றையும் கொடுக்காமல் வளர்ப்பது பெரிய சுதந்திரமும் இல்லை. அப்பருக்கு அழிப்பதற்கென்று முதலில் ஒரு சைவம் இருந்தது. அழிக்கவும் திரும்பி வரவும் அவருக்கு என்ன விலை ஆனது, இன்றைக்கு மற்றவர்களுக்கு என்ன விலை ஆகிறது என்பதுதான் கேட்க வேண்டியது. சூரிச்சில் அது உயிர். மலேசியாவில் சிலருக்கு வருடக்கணக்கான வழக்கு. தமிழ்நாட்டில் பெரும்பாலும் குடும்பத்தின் கோபம்.

மலேசியாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்துக்கள் 6.1 விழுக்காடு. அந்தக் கணக்கெடுப்பை இணையத்திலும் நிரப்ப முடிந்தது. இந்தியாவும் 2027 கணக்கெடுப்பில் மக்களே இணையத்தில் நிரப்பிக்கொள்ள வழி செய்கிறது. இரண்டிலும் வீட்டில் ஒருவர் எல்லாருக்குமாக நிரப்பினால் போதும். அநேகமாக அது அப்பாவாக இருக்கும். சமயம் என்ற கட்டத்துக்கு வரும்போது, பக்கத்து அறையில் இருக்கும் இருபது வயது மகளைக் கூப்பிட்டுக் கேட்டாரா என்பதைச் சரிபார்க்கும் வசதி எந்த மென்பொருளிலும் இல்லை.