புறாக்களைப் பிணை வைத்த வெற்றி

2010ஆம் ஆண்டில் வெளியான ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சியாக, 2018 நவம்பர் 29ஆம் நாள் ‘2.0’ வெளிவந்தது. ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒன்றுகூடிப் பெரும் பறவையாய் எழும் காட்சியைக் கண்டு மக்கள் வியந்தனர். இயக்குநர் சங்கர் அவ்வித்தையில் வல்லவரே. ஆயினும் இரண்டாம் முறை காண்போருக்கு வித்தை பழகிப்போகும். பட்சிராஜனின் வழக்கே மனத்தில் நிற்கும்.

பட்சிராஜன் பறவைகளை ஆராயும் முதியவர். கைபேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சால் பறவைகள் மடிகின்றன என்று பல வாயில்களில் முறையிட்டார், கேட்பாரில்லை. கோபுரத்திலேயே தூக்கிட்டு மாண்டார். பின்பு ஆவியுருவில் எழுந்து, கைபேசி வணிகரையும், நிறுவன முதலாளியையும், அமைச்சரையும் கொன்றார். (கதிர்வீச்சுக் குற்றச்சாட்டு விஞ்ஞானத்தால் நிறுவப்பட்டதன்று. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, சிட்டுக்குருவி பெருநகரங்களில் குறைந்துள்ளது, நாடு முழுவதும் நோக்கின் ஏறக்குறைய நிலையாகவே உள்ளது என்கிறது. குஞ்சுகளுக்குப் புழுபூச்சியும் கூடு கட்ட இடமும் வேண்டும். முதலில் அவற்றையே நாம் பறித்தோம்.)

அவர் கருணை பொய்யன்று, ஆயின் எல்லையுடையது. நாராயணவனத்துத் தறிகாரர்க்குக் கூலிச் செய்தியும், வெளியூர் சென்ற மகனின் குரலும் கைபேசியில்தான் வருகின்றன. பட்சிராஜனின் சினம் இறுதியில் அத்தகையோர்மீதும் பாய்கிறது. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபியை நாம் அறிவோம். அவன் புறாவைக் காத்தது பெரிதே. பருந்தின் பசியையும் நியாயமென ஒப்புக்கொண்டு, அதனைக் கொல்லாது விட்டது அதனினும் பெரிது. பட்சிராஜன் புறாவைக் கண்டார், பருந்தைக் காணவில்லை.

இனி எதிர்த்தரப்பைப் பார்ப்போம். முதற் படத்தில் சிட்டியைக் கொலைகாரனாக்கிய அதே சிவப்புச் சில்லு மீண்டும் பொருத்தப்படுகிறது. அதுவும் போதாதபோது, புறாக்களின்மேல் ஏறிக் குட்டி இயந்திரங்கள் வருகின்றன. பட்சிராஜன் பணியாவிடில் அப்புறாக்களோடு தாங்களும் அழிவோம் என்று மிரட்டுகின்றன. அவர் பணிகிறார். அரங்கமோ கைதட்டுகிறது!

எனக்குக் கை எழவில்லை. ஆலைகளில் வேலைநிறுத்தம் நீளும்போது, தொழிலாளியின் வாதத்துக்கு எவரும் விடை சொல்வதில்லை. பிள்ளைகளின் பசியை அவனுக்கு நினைவூட்டுவர். அவன் தலை குனிந்து வாயிலுக்குள் நுழைவான். அன்பிலாதவனை அவ்வாறு மடக்க இயலாது. பட்சிராஜனும் தம் சினத்தால் தோற்கவில்லை, தம்மிடம் எஞ்சியிருந்த கருணையால் தோற்றார்.

மக்களைக் காக்க வேறு வழியில்லை என்பர். இருக்கலாம். மிரட்டல்தானே, புறா எதுவும் சாகவில்லையே என்றும் சொல்வர். செயலை அதன் எண்ணத்தால் அளப்பது நம் வழக்கம். பட்சிராஜன் அசையாது நின்றிருந்தால் அக்குட்டி இயந்திரங்கள் என்ன செய்திருக்கும்? அவர் கோரியதில் நியாயம் உண்டென்று இறுதியில் ஒப்புக்கொள்ளும் படம், இக்கேள்வியைத் தொடாமலே முடிகிறது.