இலைமேல் குறுக்கிட்ட கை

ஜப்பானியர் 'ச்சொத்தோ...' என்று இழுத்து நிறுத்தினால் அதுவே மறுப்பு. சொல்லின் பொருள் 'கொஞ்சம்' என்பதுதான். மீதியைக் கேட்பவர் புரிந்துகொள்வார். ஜெர்மானியர் 'நைன்' என்று முடித்துவிடுவார். அதில் கோபம் இல்லை. ஈரானில் விருந்தாளி முதலில் ஓரிரு முறை மறுப்பது மரியாதை. அங்கே மீண்டும் கேட்பதே பண்பு. நாமோ 'பார்க்கலாம்' என்போம். அரிசி தீர்ந்தாலும் 'இல்லை' என்று சொல்லக் கூசுகிற வீடுகள் நம்முடையவை. அவ்வளவு தயங்கும் நாவிலிருந்து ஒரு மறுப்பு வருகிறதென்றால், அதற்குமுன் எத்தனை தவிப்பு இருந்திருக்கும்! இலைமேல் கையைக் குறுக்கே வைத்துப் 'போதும்' என்பவருக்கு இன்னொரு கரண்டி வைப்பதை அன்பு என்றே பழகிவிட்டோம். அடுத்த முறை அந்தக் கையைக் கண்டதும் கரண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள்.