திறக்காத காற்றுவாய்

1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜிடிஓ காருக்கு பானட்டின் மேல் இரண்டு காற்றுவாய்கள் உண்டு. மூக்கு விடைத்த மாதிரி முன்பக்கம் பார்த்து நிற்கும். எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றை அள்ளிக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பவர் யாரும் நினைப்பார். ஆனால் அவற்றின் வழியாக ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே போகாது. அடைத்த வாய்கள். வெறும் அலங்காரம். அடுத்த வருட மாடலில்தான் நடுவில் ஒற்றைக் காற்றுவாய் வந்தது. டீலரிடம் தனியாக ஒரு செட் வாங்கி மாட்டினால் அது நிஜமாகவே காற்றை உள்ளே விட்டது.

இந்த 1964 காரின் பிளாஸ்டிக் கிட் ஒன்றை, 24இல் ஒரு பங்கு அளவுள்ளதை, போன குளிர்காலம் முழுக்கக் கட்டினேன். நான் இருப்பது மிச்சிகனில், பான்டியாக் என்ற ஊரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில். அந்த ஊரின் பெயர்தான் காருக்கும். 2010ஓடு அந்த பிராண்டே முடிந்துபோனது. கார்களுக்குள் ஓடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பகலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைச் செய்துவிட்டு, ராத்திரி கையில் பிடிக்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும்போல இருக்கும். அவ்வளவுதான் காரணம், பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

வேலை நடந்துகொண்டிருந்தபோது வீட்டுக்கு வந்த நண்பர் அந்த பானட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “இந்த ஓட்டையத் தொறந்து விடேன். நிஜ கார் மாதிரி இருக்கும்ல?” என்றார். சின்ன ட்ரில் ஒன்று போதும், பத்து நிமிஷ வேலை. ஆனால் திறந்தால் நிஜ கார் மாதிரி இருக்காது. நிஜ காரில் அது மூடித்தான் இருந்தது. ஒரு பாசாங்கை உண்மையாகச் செய்து காட்டவேண்டும் என்றால் அதைப் பாசாங்காகவே விட்டுவைக்க வேண்டும். இதை அவருக்கு விளக்கிய பிறகுதான் எனக்கே கேள்வி வந்தது. கிட்டை ‘சரிசெய்கிறேன்’, ‘மேம்படுத்துகிறேன்’ என்கிறோமே, எதைப் பார்த்துச் சரி? யாருக்குச் சரி?

கிட் கட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவது போல உறுப்புகள் இருக்கும். வெட்டி, உப்புத்தாள் போட்டு, ஒட்டி, பெயின்ட் அடித்தால் கார். அப்படியே கட்டினாலும் கார்தான். ஆனால் அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு தழும்பு ஓடும். பிளாஸ்டிக் தடிமனான இடத்தில் குழிந்திருக்கும். அச்சிலிருந்து உறுப்பைத் தள்ளிவிட்ட ஊசியின் வட்டத் தடம் இருக்கும். இதையெல்லாம் பட்டி பூசித் தேய்க்க வேண்டும். நம்ம ஊர் டிங்கரிங் கடையில் ஒடுங்கிய கதவுக்குச் செய்கிற அதே வேலை, பல்குத்தும் குச்சி முனையில்.

பிறகு கிட்டில் இல்லாதவை. ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பெரும்பாலான கிட்டுகள் தருவதில்லை. நிஜ ஒயர் 7 மி.மீ. தடிமன் என்றால் மாடலில் 0.3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. மெல்லிய செப்புக் கம்பி ஒன்று கிடைத்தது. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில் ஊசியால் எட்டுத் துளை போட்டு, எட்டு ஒயரையும் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் மாட்டினேன். பான்டியாக் எட்டு சிலிண்டர் எஞ்சின் பற்றவைக்கும் வரிசை அதுதான். டிஸ்ட்ரிப்யூட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. ஒரு ஒயர் மாறினாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. இந்த எஞ்சின் ஓடப்போவதும் இல்லை. இருந்தும் மாற்றி மாட்ட மனசு வரவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. பிடிவாதம் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

ஆனால் அளவு என்று வந்துவிட்டால் நேர்மைக்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. காரின் மேல் உள்ள பெயின்ட் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். 24ஆல் வகுத்தால் 0.004 மி.மீ. எந்த ஸ்ப்ரேயாலும் அதை அடிக்க முடியாது. நான் பிரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் அடித்து முடித்தபோது இருந்த தடிமனை நிஜ அளவுக்குப் பெருக்கினால், காரின் மேல் இரண்டு மி.மீ.க்கு மேல் பெயின்ட் அப்பியிருக்கிறது என்று அர்த்தம். நிறமும் அப்படித்தான். நிஜ காரின் பெயின்டையே வாங்கி மாடலுக்கு அடித்தால் கூடுதல் இருட்டாகத் தெரியும். காரைப் பத்தடி தள்ளி நின்று பார்த்துப் பழகிய கண் அது. நடுவில் இருக்கும் காற்றும் வெளிச்சமும் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்க வைத்திருக்கும். அதனால் மாடல் கட்டுகிறவர்கள் நிறத்தில் சொட்டு வெள்ளை கலப்பார்கள். உண்மையான பெயின்ட் பொய்யாகத் தெரிகிறது, கலப்படம் செய்தது உண்மையாகத் தெரிகிறது. ஆக, எந்தப் பொய்யைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்காமல் நகல் எதையும் செய்யவே முடியாது.

கதவு இடுக்கு இன்னும் சிக்கல். நிஜ காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொண்டால் மாடலில் 0.2 மி.மீ. கிட்டில் வந்த கோடு அதைவிட அகலம், ஆழமும் சீராக இல்லை. பட்டி வைத்து மூடிவிட்டு, ஊசியால் புதுக்கோடு கீறினேன். நாலு ராத்திரி. சீராக வந்தது. ஆனால் 1964இல் தொழிற்சாலையை விட்டு வந்த கார்களின் இடுக்குகள் சீராக இருந்ததில்லை. பெயின்ட் வழிந்த இடங்கள் உண்டு, பானட்டின் அடிப்பக்கம் ஸ்ப்ரே சிதறியிருக்கும். அமெரிக்காவில் கார்வெட் கார்களைப் புதுப்பிக்கிறவர்களுக்கு 1974இலிருந்து ஒரு தேசியச் சங்கம் இருக்கிறது. கார் தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்ததோ அப்படி இருக்கிறதா என்பதே அவர்களின் அளவுகோல். அதைவிட அழகாகப் புதுப்பித்தால் மதிப்பெண் போய்விடும். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. பழைய மென்பொருளை மாற்றி எழுதும்போது அதிலிருந்த பிழைகளையும் சேர்த்து எழுத வேண்டி வரும். அந்தப் பிழையை நம்பி வேறு எதுவோ பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படியானால் கோட்டைக் கொஞ்சம் கோணலாகக் கீறியிருக்கலாமே? யோசித்தேன், செய்யவில்லை. நிஜ காரின் கோணல் என்பது குறிப்பிட்ட ஒரு கார், குறிப்பிட்ட ஒரு நாள், குறிப்பிட்ட ஓர் ஆளின் கையில் உண்டானது. நானாக உண்டாக்கும் கோணல் யாருடையதும் அல்ல. அது நடிப்பு.

இதுவரைக்கும் ‘நிஜ கார்’ என்று ஒன்று எங்கோ உறுதியாக நிற்பது போலவே எழுதிக்கொண்டு வந்தேன். ஜிடிஓவின் கதையைக் கொஞ்சம் தோண்டினால் அந்தத் தரையும் ஆட ஆரம்பிக்கிறது. அந்த நாளில் ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது. ஜான் டிலோரியனும் அவருடைய பொறியாளர்களும் 389 கன அங்குல எஞ்சினைப் புது மாடலாக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதாரண காருக்கு வாங்குபவர் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதியாகப் பட்டியலில் போட்டுவிட்டார்கள். விதியில் இருந்த சந்து. முதல் வருஷம் 32,450 கார்கள் விற்றன. பெயரோ ஃபெராரியிடமிருந்து எடுத்தது. பந்தயத்துக்குத் தகுதிச் சான்று பெற்றது என்று பொருள்படும் இத்தாலியச் சொற்களின் சுருக்கம். இந்தக் காருக்கு அப்படி எந்தச் சான்றும் கிடையாது.

இன்னொரு விளைவும் உண்டு. அது தனி மாடல் இல்லை என்பதால் 1964, 1965 கார்களின் அடையாள எண்ணை வைத்து அது ஜிடிஓவா, வெறும் லெமான்ஸா என்று சொல்ல முடியாது. எஞ்சினை மாற்றி, பட்டையும் சின்னமும் ஒட்டிவிட்டால் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். தொழிற்சாலை ஆவணத்தின் நகலைக் காட்டினால்தான் சந்தையில் முழு விலை. அதாவது அசல் என்பது தகரத்தில் இல்லை, தாளில் இருக்கிறது.

1964 மார்ச்சில் ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை பான்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டது. ஓடியது ஓவியத்தில்தான், நிஜத்தில் இரண்டும் மோதவில்லை. ஆனால் பத்திரிகை ஓட்டிப் பார்த்த பான்டியாக்கின் வேகம் அந்த காரின் பெயரையே நிலைநாட்டிவிட்டது. பல பத்தாண்டுகள் கழித்து, பான்டியாக்கின் விளம்பரங்களுக்குப் பின்னால் இருந்த ஜிம் வாங்கர்ஸ், அந்தச் சோதனைக் காரில் இருந்தது 389 அல்ல, அதைவிடப் பெரிய 421 கன அங்குல எஞ்சின் என்று ஒப்புக்கொண்டார்.

இதைப் படித்துவிட்டு ‘அசலே போலி, அப்புறம் நகலில் என்ன நியாயம்’ என்று கையை விரிப்பது சுலபம். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. 421 எஞ்சினைப் போட்டது தப்பே இல்லை. ராயல் ஓக்கில் இருந்த ராயல் பான்டியாக் கடையில் கார்களை முறுக்கேற்றித் தருவது தெரிந்த வியாபாரம். போட்டதைச் சொல்லாமல், கடையில் கிடைக்கும் கார் இதுதான் என்று படிப்பவரை நம்பவிட்டதுதான் தப்பு. அடைத்த காற்றுவாயும் ஒருவகை ஏமாற்றுதானே என்று கேட்கலாம். ஆனால் பானட்டைத் தூக்கிப் பார்த்தால் அதன் குட்டு வெளிப்பட்டுவிடும். பத்திரிகை வாங்கியவர் எதைத் தூக்கிப் பார்ப்பார்?

ரோமில் 1939இல் நிறுவப்பட்ட மத்திய மீட்பு நிறுவனத்தின் முதல் இயக்குநர் சேசரே பிராண்டி. பழைய சுவரோவியத்தில் நிறம் உதிர்ந்த இடத்தை என்ன செய்வது என்பது அவருடைய கவலை. அப்படியே விட்டால் ஓவியம் கெடுகிறது. அசல் மாதிரியே தீட்டினால் வரலாறு கெடுகிறது. அங்கே உருவான வழி, உதிர்ந்த இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது. தள்ளி நின்றால் ஓவியம் முழுசாகத் தெரியும். கிட்டே வந்தால் எது பழசு, எது இப்போது சேர்த்தது என்று கோடுகள் சொல்லிவிடும். ஒரு தொழில்நுட்ப முடிவில் இவ்வளவு மரியாதை இருக்க முடியும் என்பது எனக்கு ஆச்சரியம். ஓவியனுக்கும் மரியாதை, பார்க்க வருகிறவருக்கும் மரியாதை.

இந்த மரியாதையை ஒரு பொம்மைக் காரில் கடைப்பிடிக்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை. எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், பான்டியாக் தொழிற்சாலையில் அசெம்ப்ளி வரிசையில் வேலை பார்த்தவர். கராஜில் நான் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். கதவு இடுக்கில் நகத்தை வைத்து ஓட்டிப் பார்த்துச் சிரித்தார். “இவ்வளவு ஒழுங்கா நாங்க விட்டதே இல்ல. வெள்ளிக்கிழமை சாயந்திரம் வர்ற வண்டியப் பாத்திருக்கணும் நீ.” பிறகு, தன்னிடம் இதே கார் இருந்ததென்றும், முடிந்தால் இதைத் தன் காராக ஆக்கித் தரமுடியுமா என்றும் கேட்டார். மறுநாள் ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்தார். பானட் தூக்கியிருக்கிறது, சாய்ந்து நிற்பது அவருடைய தம்பி. தம்பி இப்போது இல்லை.

நிறம், சக்கரம், உள்ளே இருக்கை எல்லாம் படத்தில் இருந்தது. எஞ்சின் மேல் அவர் சொன்னது மூன்று கார்புரேட்டர். படத்தில் தெரிவது ஒற்றைக் கார்புரேட்டருக்கு உரிய பெரிய வட்ட ஏர் ஃபில்டர். மூன்று என்றால் சின்னதாக மூன்று இருக்க வேண்டும். தயங்கித்தான் சொன்னேன். படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

“மூணுதான். அவன் ஓட்டும்போது நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அழுத்தி மிதிச்சா மத்த ரெண்டும் தொறக்கும் பாரு, அந்தச் சத்தம். அத மறக்க முடியுமா?”

படம் எடுத்த பிறகு மாற்றியிருக்கலாம். வேறு யாருடைய காரிலோ கேட்ட சத்தம் இந்தக் காரில் வந்து ஒட்டியிருக்கலாம். கார் இல்லை, எண் இல்லை, ஆவணம் தேட வழியும் இல்லை. இரண்டு செட்டும் செய்து ஒட்டாமல் கொடுத்துவிடலாம் என்று முதலில் தோன்றியது. அது சாமர்த்தியம்தான். ஆனால் நான் எடுக்க வேண்டிய முடிவை அவர் தலையில் கட்டுவது அது. அவர் அதைத் திறக்கும்போதெல்லாம் தன் தம்பியின் படத்தோடு வழக்காட வேண்டியிருக்கும்.

மூன்றே வைத்தேன். காற்றுவாய்களைத் திறக்கவில்லை. சேஸியின் அடியில், யாரும் பார்க்காத இடத்தில், 0.1 மி.மீ. பேனாவால் சிறியதாக எழுதினேன்: படத்தில் ஒற்றைக் கார்புரேட்டர், உரிமையாளரின் நினைவின்படி மூன்று. பிராண்டியின் கோடுகளுக்கு என்னால் முடிந்த பதிலி.

கொண்டுபோய்க் கொடுத்தபோது நானே அதைத் திருப்பிக் காட்டினேன். லென்ஸ் வைத்துப் படித்தார். முகம் சுருங்கியது.

“நினைவின்படிங்கறத எடு. நினைவுன்னு போட்டா தப்பாவும் இருக்கலாம்னு சொல்ற மாதிரி இருக்கு. சொன்னபடின்னு போடு. நான் சொன்னேன்ல? அது நெஜந்தான?”

மறுக்க ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போய்த் தின்னரும் பேனாவும் எடுத்துவந்தேன். அந்த ஒரு சொல்லை மட்டும் துடைத்துவிட்டு, காயும்வரை அவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு மாற்றி எழுதினேன். இப்போது அது அவர் வீட்டு டிவிக்குப் பக்கத்தில், பானட் தூக்கியபடி நிற்கிறது.