வானவன்மாதேவீச்சரமுந் திருக்கோணமலையும்



சென்ற விடுமுறைக் காலத்திலே நம்மவர் முப்பது பேர் வரையில், முதியோரும் பெண்பாலாரும் பள்ளிச் சிறாரும் உட்பட, ஒரு பஸ்வண்டியை அமர்த்திக்கொண்டு, பொலன்னறுவைக்கும் அங்கிருந்து கந்தளாய் வழியாகத் திருக்கோணமலைக்கும் இரண்டு நாள் யாத்திரை சென்று மீண்டோம். புறப்படும்பொழுது நம்முட் பலருடைய கருத்து, முதனாள் பழம்பொருள் பார்த்தற்கு, இரண்டாநாள் சுவாமி தரிசனத்துக்கு என்பதாயிருந்தது. இப்பாகுபாடு எத்துணைப் பிழையென்பதைப் பொலன்னறுவையிலே ஒரு சிறிய கற்கோயிலின் வாயிலில் அறிந்துகொண்டோம். அதனைச் சொல்லுதற்கே இதனை எழுதத் தொடங்கினோம்.

எமக்கு வழிகாட்டியாய் வந்தவர் அவ்வூர்ச் சிங்கள இளைஞர் ஒருவர். தமிழ் ஓரளவு பேசுவார். பொறுமையும் பணிவும் உடையவர். அரண்மனை, தளதா முற்றம், கல் விகாரை எல்லாவற்றையும் முறையே காட்டினார். கல் விகாரையிலே பராக்கிரமபாகு மன்னன் காலத்துப் புத்தர் திருவுருவங்களின் முன்னர், எம்முடன் வந்த சிறுவரும் தாமாகவே பேச்சொழிந்து நின்றனர். பின்னர்ப் பபலு விகாரைக்கு அணித்தாயுள்ள மரநிழலில், அடி முதல் முடி வரையுங் கல்லினாலே கட்டப்பட்ட ஒரு கோயிலைக் காட்டி, "இது சிவ தேவாலே, இலக்கம் இரண்டு" என்றார். அவ்வளவே. சிறுவர் சிலர் குறிப்புப் புத்தகத்தில் "இலக்கம் இரண்டு" என்று எழுதிக்கொண்டனர்.

சுவாமிக்கு இலக்கமோ பெயர்? அவ்விளைஞரைக் குறைகூறோம். அகழ்ந்து காத்தவர்கள் அடையாளத்தின் பொருட்டு இட்ட எண் அது. அக்கோயிற் கல்லிலே தமிழெழுத்தினாற் பொறிக்கப்பட்டிருக்கும் பெயரோ வானவன்மாதேவீச்சரம் என்பது. வானவன்மாதேவி முதலாம் இராசராச சோழனுடைய தேவி. இராசேந்திரனை ஈன்ற தாய். அவள் பெயரால் எழுந்த இத்திருக்கோயிலில் அதிராசேந்திரன் காலத்துச் சாசனமும் உண்டு. பொலன்னறுவையில் இன்று இடிபடாது நிற்குங் கட்டடங்களுள்ளே பழமையானது இதுவே என்பர். எம்முள் ஒருவர் இவற்றைச் சொல்ல, வழிகாட்டி தம்முடைய சிறு புத்தகத்தைத் திறந்து, அப்பெயரை இருமுறை சொல்லச் செய்து, சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார். அவர் கேட்டெழுதியதைக் கண்டபொழுது, இத்தனை காலமும் வந்துபோன நம்மவர் எத்தனை பேர் இதனைச் சொல்லாது போயினரோ என்று யாம் நாணினோம்.

இவ்விடத்து ஒன்று மறையாது சொல்லல் வேண்டும். சோழர் இந்நாட்டுக்கு விருந்தினராய் வரவில்லை. 993 ஆம் ஆண்டளவில் இராசராசன் படை வந்து இலங்கையின் வடபாகத்தைக் கைக்கொண்டது, அநுராதபுரம் பாழாயிற்று, பொலன்னறுவை சனநாதமங்கலம் என்னும் பெயரோடு சோழர் தலைநகராயிற்று, 1017 இல் ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைகொண்டு போகப்பட்டான். படை வழியே வந்த கோயிலென்று இதனை ஒருவர் கூறின், யாம் மறுக்கமாட்டோம். ஆயினும், 1070 இல் சோழரைத் துரத்திய விசயபாகு மன்னன் காலத்தில் நிகழ்ந்தது யாது? கந்தளாய்க்கு அணித்தாகிய பாலமோட்டைச் சாசனத்தைப் பாருங்கள். அவ்வரசனுடைய நாற்பத்திரண்டாம் ஆட்சியாண்டிலே, நங்கைச்சானி என்னும் பிராமண விதவை ஒருத்தி, இறந்த தன் கணவன் பொருட்டுச் சிவன் கோயிலுக்குத் தருமம் வைத்தாள். அக்கோயிலின் பெயர் விசயராச ஈச்சரம். சோழரை வென்ற மன்னனின் பெயரையே சிவாலயம் தாங்கிநின்றது! அவன் தந்தக்கோயிலுக்குக் காவலாய் வேளைக்காரப் படையினர் உடன்பட்டதைக் கூறுங் கல்லும் பொலன்னறுவைத் தளதா முற்றத்தில் நிற்கின்றது. அதன் மொழி தமிழ். வாள் வந்தவழி வேறு, வழிபாடு நின்றவழி வேறு என்பதற்கு இவ்விரு கற்களும் சான்றாகப் போதும்.

இனி அச்சிறு கோயிலினுள்ளே சென்றோம். முன்னே நந்திகள் சிதைந்து கிடக்கின்றன. கருவறையிலே சிவலிங்கம் இருக்கின்றது. பூசகரில்லை, மணியோசையில்லை. ஆயின் இலிங்கத்தின் அடியிலே வாடாத பூக்கள் சிலவும், எண்ணெய் வற்றிய மண்விளக்கொன்றும் இருந்தன. எமக்கு முன்னர் யாரோ ஒருவர் அன்று காலையே வந்து போயிருக்கின்றார். அவர் தமிழரோ சிங்களவரோ, யாரறிவார்! எம்முடன் வந்த சிறுமி ஒருத்தி, "இங்கே பூசை இல்லையென்றால் சுவாமி இருக்கிறாரா, போய்விட்டாரா?" என்று கேட்டாள்.

அன்பர்காள், இவ்வினாவை எளிதென்று எண்ணற்க. பிரதிட்டை செய்து நித்திய பூசை நடக்குந் திருமேனியிலே சிவபெருமான் தயிரில் நெய்போல விளங்கி நிற்பர் என்றும், மற்றையிடத்துப் பாலில் நெய்போல வெளிப்படாது நிற்பர் என்றும் நம் பெரியோர் கூறுவர். பூசை தவறிய மூர்த்தத்துக்குப் பிராயச்சித்தமும் சீரணோத்தாரணமும் ஆகமங்கள் விதித்தன. விதித்தமையாலேயே, தவறியது மீட்கப்படக்கூடியது என்பது பெறப்படுகின்றது; மீளாதொழிந்ததற்கு விதி எதற்கு? மேலும், சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரம் மெய்யடியார் திருவேடத்தோடு ஆலயத்தையும் அரனெனவே கண்டு தொழும்படி கூறுகின்றது. இலிங்கத்தை மாத்திரம் சொல்லி நின்றதில்லை; ஆலயத்தையே சொல்லிற்று. ஆகவே அச்சிறுமிக்கு, "சுவாமி இருக்கிறார், பிள்ளாய், வருவார்தாம் குறைந்தனர்" என்றோம். அவள் அதனை ஏற்றுக்கொண்டாள் என்று சொல்லமாட்டோம். "அப்படியென்றால் விளக்கு?" என்றாள்.

அதற்கு மறுமொழி சொன்னவர் எம்முடன் வந்த மூதாட்டி ஒருவர். திருக்கோணமலையிலே கோணேசப் பெருமானுக்கு விளக்கேற்றுதற்கென்று ஒரு சிறு போத்தலில் நெய் கொண்டுவந்திருந்தார். அதிற் பாதியை அம்மண்விளக்கில் வார்த்துத் திரியிட்டு ஏற்றினார். சோழர் காலத்துத் தமிழ்நாட்டுச் சாசனங்களைப் படித்தவர்கள் அறிவர்: ஒரு நந்தாவிளக்கெரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகள் விடுவது அக்கால வழக்கு. அவை சாவா மூவாப் பேராடு எனப்படும்; ஆடு இறப்பினும் ஈன்ற குட்டி அதன் தொகையை நிரப்பவேண்டும் என்பது கருத்து. ஆடும் இடையரும் அற்றுப்போன இடத்திலே அரைப் போத்தல் நெய் ஒரு நாழிகை எரிந்தது.

யாத்திரை செய்வார்க்கு இங்கே ஒரு விண்ணப்பம். இத்தகைய இடங்களிலே கல்லின்மேற் கற்பூரங் கொளுத்துதல், சுவரில் எண்ணெய் பூசுதல், எழுத்தின்மேற் குங்குமமும் விபூதியும் அப்புதல் ஆகியவற்றைச் செய்யற்க. கரியும் எண்ணெயும் எழுத்தைத் தின்னும். அவ்வெழுத்துப் போயின் சுவாமிக்கு இலக்கம் மாத்திரமே மிஞ்சும். மூதாட்டியாரும் விளக்கணைந்தபின் மண்ணகலைத் துடைத்து முன்போலவே வைத்துவிட்டு வந்தார்.

இலக்கம் ஒன்று எனப்படுங் கோயில் பாண்டியர் பாணியிற் பிற்காலத்தே எழுந்தது, கல்லோடு கல் பொருந்திய நேர்த்தி வியக்கத்தக்கது, மேற்றளம் வீழ்ந்துவிட்டது. இங்கே 1907, 1908 ஆம் ஆண்டுகளிற் பெல் துரையவர்கள் அகழ்ந்தபொழுது வெண்கலத் திருமேனிகள் பல வெளிப்பட்டன. 1960 இல் வேறொரு சிவாலயத்திலும் பல கிடைத்தன. பெரும்பாலன கொழும்பு நூதனசாலையிலும், சில பொலன்னறுவை நூதனசாலையிலும் இருக்கின்றன. கூத்தப்பெருமான், சிவகாமியம்மை, சமயகுரவர், தாளமேந்திய காரைக்காலம்மையார் என்னும் இவர்கள் வீதியுலாவுக்குரிய உற்சவ மூர்த்திகள், கண்ணாடிக்குள்ளே நிற்கின்றார்கள். சேர். பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் இத்திருமேனிகளின் பொருளை உலகறிய ஆங்கிலத்தில் எழுதினார்கள். சுந்தரமூர்த்தி நாயனாருடைய திருமுகத்தைக் கண்டவர் மறவார்: அப்பொழுதுதான் இறைவன் குரலைக் கேட்டுத் திரும்பினாற்போன்ற தோற்றம். கண்ணாடி முன்னே கைகூப்புதற்குச் சிலர் வெட்கப்படுகின்றனர். திருடர் கையினின்றுங் காப்பாற்றிய கண்ணாடியை யாம் பழியோம், வெட்கத்தையே பழிப்போம்.

மாலையிற் கந்தளாய்க் குளக்கட்டைக் கடந்தோம். கோணேசர் கோயிற்பணிக்குக் குளக்கோட்டு மன்னன் கட்டிய குளமிது என்று கோணேசர் கல்வெட்டுக் கூறும். இருள் வந்துவிட்டமையால் அங்கே தங்கவில்லை.

மறுநாட் காலை திருக்கோணமலை. கோயிலுக்குக் கோட்டை வாயிலினூடே செல்லவேண்டும். வாயிற்கல்லில் இணைக்கயல் பொறித்திருக்கின்றது. 1622 ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் கோயிலையிடித்து, அக்கல்லைக் கொண்டே கோட்டை கட்டினர் என்பதை அவ்வாயிலில் நின்று நினைத்தல் நன்று. உள்ளே புள்ளிமான்கள் அச்சமின்றி மேய்கின்றன. சிறுவருக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. பின்னாளிலே, 1950 இற் கிணறு வெட்டியபொழுது பழைய திருமேனிகள் கிடைத்தன. 1963 இல் மலைமேற் புதிய கோயிலுக்குக் கும்பாபிடேகம் நடந்தது. முந்நூறாண்டுக்கு மேலாய்க் கோயிலின்றியிருந்த காலத்தும் அன்பர்கள் அம்மலை விளிம்பில் நின்று கடலை நோக்கித் தொழுது வந்தனர். திருஞானசம்பந்தமூர்த்தி சுவாமிகளும் இராமேச்சரத்திலிருந்தே இத்தலத்தை மனத்தாற் கண்டு பாடினர் என்பது புராணவழக்கு. சேய்மை வழிபாட்டுக்குத் தடையாகுமாயின் அத்திருப்பதிகம் நமக்குக் கிடைத்திராது.

உச்சிக்காலப் பூசை முடிந்தது. மூதாட்டியார் எஞ்சிய நெய்யை விளக்குக்கு ஒப்புவித்து, அருச்சனைத் தட்டையும் நீட்டினார். குருக்களையா பெயரும் நட்சத்திரமுங் கேட்டார்.

"சுவாமி பேருக்குத்தான், ஐயா. வானவன்மாதேவீச்சரத்துச் சுவாமி பேருக்குச் செய்யுங்கோ."

குருக்களையா தட்டை வாங்கிய கையோடு சற்றே நின்றார். "அது எங்கேயுள்ள கோயில், அம்மா?" என்றார்.

பின்னே நின்ற அச்சிறுமி முந்திக்கொண்டு, "பொலன்னறுவையிலே" என்றாள்.