திருவிழாவுக்கு ஐந்தொகை

வணிகவியல் படித்தவனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவான். இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் எத்தனை இலை என்று எண்ணுவான். மார்கழியில் ஸ்ரீரங்கத்துக்குப் போனாலும் அதே கதைதான். எல்லோரும் சொர்க்கவாசலைப் பார்க்க, இவன் மட்டும் செருப்பு வைக்கும் இடத்தில் எவ்வளவு வசூலாகும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான்.

சிரிக்காதீர்கள். அந்தக் கணக்கைத்தான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். "இவ்வளவு கூட்டம், இவ்வளவு செலவு. இதனால ஊருக்கு என்ன சார் பிரயோஜனம்?"

கேள்வி நியாயமானதுதான். போட்டுத்தான் பார்ப்போமே.

முதலில் வரவுப் பக்கம். திருநெடுந்தாண்டகத்தில் தொடங்கி பகல்பத்து, இராப்பத்து என்று மூன்று வாரம். நடுவில் வைகுண்ட ஏகாதசி. அன்று அதிகாலை ரத்னாங்கி அணிந்த நம்பெருமாள் பரமபதவாசலைக் கடக்கும்போது லட்சக்கணக்கில் ஜனம். திருச்சி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. (ஈடாக ஒரு சனிக்கிழமை வேலைக்குப் போகணும். அரசாங்கம் கணக்கில் விடாது!) சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து விடிய விடிய பஸ். லாட்ஜில் இடம் கிடையாது. பூ, துளசி, வாழையிலை, காபித்தூள், பால், ஆட்டோ, வளையல் கடை, பொம்மைக் கடை என்று எல்லாவற்றிலும் காசு புரளும். ராஜகோபுர வாசலில் கற்பூரம் விற்பவருக்கு இந்த மூன்று வாரம்தான் தீபாவளி போனஸ்.

இனி பற்றுப் பக்கம். உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் குடியிருப்பவர் தன் வீட்டுக்கே வண்டியை ஓட்டிப் போக முடியாது. பிரசவ வலி வந்தால் ஆட்டோ உள்ளே வருமா என்று கவலைப்பட வேண்டும். குப்பை மலையாகக் குவியும். கூட்டம் சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கும்போது, தூய்மைப் பணியாளர் துடைப்பத்தோடு தெருவுக்கு வருவார். அவருக்கு உள்ளூர் விடுமுறை கிடையாது.

இங்கேதான் முதல் சிக்கல். இரண்டு பக்கத்தையும் கூட்டிக் கழித்தால் ஊருக்கு லாபம் என்றே வரலாம். ஆனால் வரவுப் பக்கத்தில் இருக்கும் ஆள் வேறு, பற்றுப் பக்கத்தில் இருக்கும் ஆள் வேறு. லாட்ஜ்காரர் சம்பாதித்ததையும் துடைப்பக்காரர் இழந்த தூக்கத்தையும் ஒரே தாளில் எழுதி, "ஊருக்கு லாபம்" என்று கையெழுத்துப் போட எந்த ஆடிட்டருக்கும் உரிமை இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. 2020 சித்திரையில் ஊரடங்கு. ஸ்ரீரங்கத்தில் தேர் ஓடவில்லை. அதே வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல் திறந்த நேரத்தில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. பிறகுதான் தரிசனத்துக்கு விட்டார்கள். கடைக்காரருக்கு வியாபாரம் போனது, நிஜம். அது மட்டும்தான் நஷ்டம் என்றால் ஒரு நிவாரணத் தொகையில் தீர்ந்துபோயிருக்கும். பத்துப் பைசா சம்பாதிக்காத பாட்டிகள் ஏன் வாசலில் நின்று கண் கலங்கினார்கள்? சித்திரைத் தேருக்கு நெல்லும் மாடும் காணிக்கை கொண்டுவரும் கிராமத்து ஜனங்களுக்கு அந்த வருஷம் செலவு மிச்சம்தானே? மிச்சம் பிடித்தவர்கள் ஏன் எதையோ பறிகொடுத்தவர்கள் மாதிரி இருந்தார்கள்?

கணக்குப் புத்தகத்தில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு வார்த்தை உண்டு. குட்வில். நற்பெயர். இதில் ஒரு வேடிக்கையான விதி. பெரிய கடைவீதியில் ஐம்பது வருஷமாகக் கடை நடத்தும் ஒருவர், தானே பாடுபட்டுச் சேர்த்த நற்பெயரைத் தன் ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது. அதற்கு மதிப்பு போட முடியாது என்பது கணக்கியலின் வாதம். அது எப்போது புத்தகத்தில் ஏறும் தெரியுமா? கடையை இன்னொருவருக்கு விற்கும்போது! கடையில் உள்ள சொத்துக்கு மேல் எவ்வளவு கொடுத்தாரோ, அதை வாங்கியவர் குட்வில் என்று எழுதிக்கொள்வார். அதாவது, நம்மிடம் இருக்கும்வரை எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை வந்துவிட்டதா, பொருள் கைமாறிவிட்டது என்று அர்த்தம்.

திருவிழாவுக்கும் இது பொருந்தும். அதன் பெரிய சொத்து ஐந்தொகையில் ஏறாது. ஏற்றியே தீருவேன் என்றால், விற்கத்தான் வேண்டும்.

விற்ற ஊர் எப்படி இருக்கும்? இத்தாலியில் வெனிஸ். முகமூடித் திருவிழாவுக்குப் பேர்போன ஊர். சுற்றுலாக் கணக்கில் உலகமே பொறாமைப்படும். ஆனால் 1951 வாக்கில் ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழ்ந்த பழைய நகரத்தில், 2022-ல் ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. வீடுகள் விடுதிகளாகிவிட்டன. 2024-ல் சில நாட்களுக்கு, பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணமே வசூலித்துப் பார்த்தார்கள். வரவு பிரமாதம். ஊர்தான் காணோம்.

ஸ்ரீரங்கம் அப்படி இல்லை. ஏழு பிராகாரத்தில் வெளிப் பிராகாரங்கள் ஜனங்கள் வாழும் தெருக்கள். மதிலுக்குள்ளேயே பால் பாக்கெட் வாங்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், கொடியில் துணி காயப்போடுகிறார்கள். கோயிலின் புனரமைப்புக்காக 2017-ல் யுனெஸ்கோ ஆசிய பசிபிக் விருது கொடுத்தது. விருது கல்லுக்கும் கோபுரத்துக்கும். கொடியில் காயும் துணிக்கு யார் விருது கொடுப்பார்கள்?

துணி என்றதும் ஒரு பழைய சம்பவம். கோயிலின் வரலாற்றைச் சொல்லும் கோயிலொழுகில் வருவது. 1323-ல் டில்லி சுல்தானின் படை வந்தபோது உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஊர் ஊராக அலைந்து, திருமலையில் வெகுகாலம் இருந்து, 1371-ல்தான் பெருமாள் திரும்பி வந்தார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு. இடையில் வேறொரு மூர்த்தியை வைத்து வழிபாடு நடந்திருந்தது. இப்போது, இரண்டில் பழைய மூர்த்தி எது? பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. கடைசியில் கிடைத்தவர், கண் தெரியாத ஒரு கிழவர். பெருமாளின் துணி துவைக்கும் ஈரங்கொல்லி. திருமஞ்சனம் செய்த ஈர வஸ்திரத்தின் தீர்த்தத்தை வைத்தே அவர் அடையாளம் சொன்னாராம், இவர்தான் நம்பெருமாள் என்று. அந்தப் பெயரே நிலைத்துவிட்டது என்கிறது மரபு.

யோசித்துப் பாருங்கள். மந்திரம் சொன்னவர்களுக்கும் பொக்கிஷம் காத்தவர்களுக்கும் தெரியாதது, துணி துவைத்தவருக்குத் தெரிந்திருந்தது. ஏன்? அவருக்கு ஒரு முறை இருந்தது. முறை என்றால் வேலை. முறை என்றால் உரிமையும்தான். ராமானுஜர் கோயில் காரியங்களைப் பிரித்துப் பல வகுப்பாரிடம் பணியாகக் கொடுத்தார் என்று அதே ஒழுகு சொல்கிறது. இன்றும் பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் நடைக்காகவே வந்து நிற்பவர்கள் உண்டு. ஸ்ரீரங்கம் என்றால் நடையழகு! தைப்பூசத்துக்குக் கொள்ளிடக் கரையில் சமயபுரம் மாரியம்மனுக்கு ரங்கநாதர் சீர் அனுப்புகிறார், அண்ணன் தங்கைக்குச் செய்கிற மாதிரி. தனித்தனி சாமி, தனித்தனி ஜனம். ஒரு தட்டு சீர் உறவாக்கிவிடுகிறது.

ஆக, திருவிழா ஊருக்குக் கொடுப்பது லாபம் அல்ல, பங்கு. "நீ இல்லேன்னா இது நடக்காது" என்று ஒருவரிடம் சொல்வது. சம்பளத்தால் சொல்ல முடியாத வார்த்தை அது. 2020-ல் கண் கலங்கிய பாட்டிக்குப் பறிபோனது அதுதான். சொர்க்கவாசல் அவள் இல்லாமலே திறந்துவிட்டது.

இங்கே நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடியும். ஆனால் கணக்கு முடியாது. எல்லோருக்கும் பங்கு இருந்ததா? தமிழ்நாட்டுக் கோயில்களின் கதவுகள் எல்லா ஜாதியினருக்கும் திறக்க 1947-ல் சென்னை மாகாணத்தில் ஒரு ஆலயப் பிரவேசச் சட்டமே தேவைப்பட்டது. அதற்குமுன் எத்தனை நூற்றாண்டு, எத்தனை பேர், தேரின் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்கள்? அவர்களையும் சேர்த்துத்தானே நாம் "சமுதாயம்" என்று கூசாமல் எழுதுகிறோம்? முறையிலும் ஒரு வினை உண்டு. பங்கு கொடுக்கிற அதே கை, "உனக்கு இவ்வளவுதான்" என்று கோடும் போட்டுவிடும். துணி துவைத்தவரின் பேரனும் துணிதான் துவைக்க வேண்டும் என்றால், அது பங்கு இல்லை, விலங்கு.

அதனால் பழைய முறையை அப்படியே காப்பாற்றுவது மட்டும் பாரம்பரியம் ஆகாது. பங்கைப் புதிதாக அகலப்படுத்தத் தெரிந்த ஊருக்குத்தான் திருவிழா சொத்து. பெரிய காரியம் ஒன்றும் வேண்டாம். தெரு கூட்டுகிறவர் அடுத்த நாள் குடும்பத்தோடு வந்து, வரிசையில் நிற்காமல் சேவிக்க வழி செய்யலாம். ஏகாதசி ஒரு நாள் காலையில் முண்டியடிக்கும் கூட்டத்தில் கொஞ்சம் பேர், பகல்பத்தில் ஒருநாள் அர்ச்சுன மண்டபத்துக்கு வந்து அரையர் சேவை கேட்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பாடி ஆடி வருகிறவருக்குக் கேட்கிற காதுதான் பங்கு. அதற்கு டிக்கெட் கிடையாது, ரசீது கிடையாது.

அடுத்த முறை யாராவது, "திருவிழாவால ஊருக்கு என்ன லாபம்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள்.

"ஊருன்னா யாரு சார்? மொதல்ல பேரைச் சொல்லுங்க. கணக்கை அப்புறம் பார்க்கலாம்."