யாருக்காக எழுதுகிறோம்?

தன் நூலுக்குரிய இலட்சிய வாசகன் யார் என்று எழுத்தாளனைக் கேட்டால், பெரும்பாலும் அவன் தன்னைப் போன்ற ஒருவனையே காட்டுவான்: தான் கற்றவற்றைக் கற்றவன், தன் கொள்கையை ஏற்றவன், குறிப்பால் உணர்பவன். அத்தகையோனுக்கு எழுதுதல் எளிது. ஆயின், அறிந்தவனுக்கு அறிந்ததையே மீண்டும் கூறுவதனால் விளையும் பயன் யாது?

இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரில் வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்த றொபேட் நூனன் என்ற தொழிலாளி, றொபேட் ட்றெசல் என்னும் புனைபெயரில் ஒரு நாவல் எழுதினார். தம் உழைப்பின் பயனை முதலாளிக்குத் தானமாக வழங்கிவிட்டு வறுமையில் வாடும் தொழிலாளரை, 'கந்தற் காற்சட்டைப் பரோபகாரிகள்' என்று அந்நாவலின் தலைப்பு எள்ளுகின்றது. கதாநாயகன் ஓவன் சமதர்மம் பேசுகிறான். உடன் வேலை செய்வோர் அவனைப் பரிகசிக்கின்றனர். அவர்கள்மீது அவன் பலமுறை சினக்கிறான். ஆயினும் அவர்களைக் கைவிடுவதில்லை. உணவு வேளையொன்றில் ரொட்டித் துண்டுகளை மூலப்பொருளாகவும், பேனாக்கத்திகளை இயந்திரங்களாகவும், அரைப்பென்னிகளைப் பணமாகவும் வைத்து, உழைப்பவன் எவ்வளவு உழைத்தும் வெறுங்கையுடன் நிற்கும் விதத்தை விளக்கிக் காட்டுகிறான். அவனைப் பார்த்துச் சிரித்தவர்களே அந்நூலின் இலட்சிய வாசகர்கள்.

நூனன் 1911இல் மறைந்தார். 1914இல் நூல் வெளிவந்தபோது, அதன் சமதர்ம விளக்கங்கள் பலவும் வெட்டப்பட்டிருந்தன. 1918இல் வந்த மலிவுப் பதிப்பு மேலும் குறுகியது. நம்பிக்கையோடு முடியவேண்டிய கதை அவநம்பிக்கையில் முடிந்தது. தூர நின்று இரங்கும் வாசகனுக்குத் தொழிலாளனின் துயரம் மட்டுமே போதுமானது. அத்துயரத்தின் காரணத்தை அறியவேண்டியவன் அதை அனுபவிப்பவனே. வாசகன் மாற்றப்பட்டதும் நூலும் மாறிவிட்டது. ஆசிரியர் எழுதியவாறு முழுநூலும் அச்சேற 1955ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. எனினும், வெட்டுண்ட நூலையுங்கூடத் தொழிலாளர் கைமாற்றிக் கைமாற்றி வாசித்தனர்.

"தொழிலாளன் நூல் வாங்குவதில்லை; வாங்குவோர் ஆசிரியரும் மாணவருமே. அவ்வாறாயின், அவனுக்காக எழுதுவதாகச் சொல்வது பாசாங்கன்றோ?" என்று சிலர் வினவலாம். நூலை வாங்குபவன் ஒருவன். நூல் கடமைப்பட்டிருப்பது வேறொருவனுக்கு. எவனுடைய வாழ்வை ஒரு நூல் பேசுகின்றதோ, அவன் அதனைப் படித்து, "இது பொய்" என்று சொல்லும் உரிமையுடையவன். அவன் இன்று படிக்காதிருப்பினும் நாளை படிப்பான் என்ற அச்சம் எழுதுபவனுக்கு இருக்கவேண்டும். அவன் பொருட்டுக் கருத்தைத் தாழ்த்தவேண்டியதில்லை. பொருளாதாரத்தின் கடினமான உண்மையொன்றை ஓவன் சிறிதும் குறைக்காமல் ரொட்டித் துண்டுகளில் வைத்துக் காட்டினான்.

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நாம் இத்தகைய நூல்களைப் படிக்கும்போது, வேறொருவனுக்கு எழுதப்பட்ட கடிதத்தையே பிரித்துப் படிக்கிறோம். படித்து முடித்ததும் அதனை உரியவனிடம் சேர்ப்பிக்கும் பொறுப்பு நம்முடையது.