முத்து அணிந்தவரும் மூழ்கியவரும்

மாற்றம் தேவை என்று ஒப்புக்கொண்ட பிறகும், மாறும் வசதி படைத்தவன் தவணை கேட்கலாமா? தோழர்கள் எண்ணிப்பார்க்க வேண்டுகிறோம்.

தவணை கேட்போர் ஏழையர் அல்லர். சீமான்கள் ஏறும் கார்களைச் செய்யும் நிறுவனத்தார்! 2030க்குள் மின்சாரக் கார்கள் மட்டுமே செய்வோம் என்று 2021இல் முழங்கிய வால்வோ, 2024இல் அந்த இலக்கைக் கைவிட்டது. 2030 என்று நாள் குறித்த பென்ட்லி, பிறகு 2035 என்றது. மெர்சிடிஸ் பென்சும் 2024இல் தன் வேகத்தைத் தளர்த்திற்று.

வாங்குவோர் தயங்குகின்றனர், மின்னேற்றும் நிலையங்கள் குறைவு என்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. விற்காத பொருளைச் செய்து ஆலை மூடப்பட்டால், வேலை இழப்பவன் தொழிலாளியே. ஆனால், தயங்கும் உரிமை யாருக்கு உண்டு?

2024இல் இந்தியாவில் விற்பனையான மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்வண்டிகள். கார்களிலோ நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையிலுள்ளவன் மாறிவிட்டான்! "கொள்கைக்காகவா மாறினான்? எரிபொருட் செலவு குறையுமென்றே மாறினான்" என்பர். ஆம், தேவை அவனை மாற்றிற்று. தேவை நெருக்காத சீமானை அறிவல்லவா மாற்ற வேண்டும்? சொந்த மாளிகையிலேயே மின்னேற்றிக்கொள்ள வல்லவன், நிலையம் இல்லை என்பது காரணமா, சாக்கா? புதுப்பொருளுக்கு முதலில் கூடுதல் விலை தர வல்லவன் தந்தால்தானே, நாளை அது எளியவன் கைக்கு எட்டும்?

வேம்பாரைப் பாருங்கள். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்று அது. மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன். முத்தை மார்பில் அணிந்தவன் வேறொருவன். துன்பம் ஒருவனுக்கு, அணி மற்றவனுக்கு. 1961க்குப் பின் முத்துக்குளிப்பு நின்றது. அந்த நீதி மட்டும் நிற்கவில்லை. கார்ப்புகையும் சேர்ந்து வெப்பமேற்றிய கடலில், 2016இல் மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளிறின. அங்குள்ள 21 தீவுகளில் விலங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் முன்னரே மூழ்கிவிட்டன. பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததோடு கடல்மட்ட உயர்வும் அதற்குக் காரணமாயிற்று. பவளம் கெட்டால் மீன் குறையும். மீன் குறைந்தால் வேம்பார்க் குடிசையில் பசி பெருகும். அக்குடிசையிலே சொகுசுக் கார் உண்டா?

வேம்பாருக்குத் தெற்கே தூத்துக்குடியில், 2025 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்கார் ஆலை திறந்தது. தொடக்கத் திறன் ஆண்டுக்கு 50,000 கார்கள். அதே ஊரில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையமும் இருக்கிறது. எனவே, மின்காரைப் புதுத் தெய்வமாக்கிப் பூசை போடச் சொல்லவில்லை நாம். கயத்தாற்றின் காற்றாலைகள் போன்றவை பெருகப் பெருக மின்காரின் கறை குறையும். பெட்ரோலை எரிக்கும் காருக்கோ அந்த வழியே இல்லை. வேறுபாடு அதுதான்.

தவணை கேட்பவன், அத்தவணைக்கு வட்டி கட்டுபவன் யார் என்றும் சொல்லவேண்டும். வட்டியை வேம்பார் மீனவன் கட்டுகிறான். கடன் வாங்கியவனோ காரில் போகிறான். இதை நியாயம் என்று ஏற்கலாமா? ஏற்க நமக்கு மனமில்லை.